டாக்டர் பதில்கள்: கழுத்து ரத்தக்குழாய் ஆபரேஷன் மூளையை என்ன செய்யும்?

என் கணவருக்கு 64 வயது. போன வாரம் சாப்பிடும்போது வலது கை திடீரென்று துவண்டு, பிசைந்த சோறு கையிலிருந்து விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஸ்கேனில் இடது பக்கக் கழுத்து ரத்தக்குழாயில் 80 சதவீத அடைப்பு என்கிறார்கள், இந்த வாரமே ஆபரேஷன் என்கிறார்கள். நன்றாக நடமாடுகிற மனுஷனை எதற்குக் கழுத்தில் அறுக்க வேண்டும், மூளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது, மகள் கல்யாணம் முடியட்டும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

அம்மா, உங்கள் மெயில் வந்த அன்றே சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன், ஏனென்றால் பத்திரிகை கடைக்கு வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. இதே நிலையில் இருக்கிற மற்ற குடும்பங்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அந்தப் பத்து நிமிடம் உங்கள் கணவருக்கு வந்தது மினி ஸ்ட்ரோக். சரியாகிவிட்டது என்பதால் அது சின்ன விஷயம் ஆகிவிடாது. தாடைக்குக் கீழே கழுத்தின் இரண்டு பக்கமும் துடிப்பு தெரிகிறதே, அதுதான் கரோட்டிட் ரத்தக்குழாய். அது இரண்டாகப் பிரிகிற இடத்தில் ரத்த ஓட்டம் சுழித்துக்கொண்டு போவதால், பல வருடங்களாகக் கொழுப்பும் சுண்ணாம்பும் அங்கே படிந்து தடிமனாகிறது. ஒரு நாள் அந்தப் படிவின் மேல்தோல் வெடித்து அதன்மேல் ரத்தம் உறைகிறது. அதில் ஒரு துணுக்கு பிய்த்துக்கொண்டு மேலே போய் மூளைக்குள் இருக்கிற சின்னக் குழாயை அடைத்தால் கை துவளும், வாய் குழறும். அவருடைய துணுக்கு தானாகக் கரைந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே கரையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இங்கேதான் நம் ஆட்கள் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். இந்த ஆபரேஷன் மூளைக்குக் கூடுதல் ரத்தம் கொடுப்பதற்காகச் செய்வது என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது முக்கியக் காரணமே இல்லை. ஒரு பக்கம் குறுகினாலும் மற்றப் பக்கத்துக் குழாயும், பின்கழுத்து வழியாகப் போகிற இரண்டு குழாய்களும் சேர்ந்து மூளைக்குத் தேவையானதைக் கொடுத்துவிடும். ஆபரேஷனின் உண்மையான வேலை அந்தத் துணுக்குகள் கிளம்புகிற இடத்தையே எடுத்துவிடுவது. அதாவது, வரப்போகிற ஸ்ட்ரோக்கைத் தடுப்பது. இதை மனதில் வைத்துக்கொண்டால், ஆபரேஷனுக்கு அப்புறம் மூளையிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது பாதி புரிந்துவிடும்.

சரி, பலன் எவ்வளவு? வட அமெரிக்காவில் நடந்து 1991-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. உங்கள் கணவரைப் போலவே அறிகுறி வந்து, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்தவர்களைப் பார்த்தார்கள். மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 100-க்கு 26 பேருக்கு இரண்டே வருடத்தில் அந்தப் பக்க மூளையில் ஸ்ட்ரோக் வந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் அது 9 பேர், இதில் ஆபரேஷனாலேயே வந்த ஸ்ட்ரோக்கும் சேர்த்திதான். இன்றைக்கு மருந்துகள் அன்றைவிட நன்றாக இருக்கின்றன, அதனால் அந்த 26 இப்போது குறைவாக இருக்கும். ஆனாலும் அறிகுறி வந்தவர்களுக்கு ஆபரேஷன் வேண்டும் என்ற முடிவு இன்றும் மாறவில்லை.

நாள் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். மினி ஸ்ட்ரோக் வந்த முதல் சில நாட்களில்தான் அடுத்த ஸ்ட்ரோக் வருகிற ஆபத்து உச்சத்தில் இருக்கிறது, இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் பலன் முழுசாகக் கிடைக்கும், தள்ளிப்போடப் போட அது தேய்ந்துகொண்டே போகும். மகள் கல்யாணத்தில் அப்பா தன் கையால் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும் என்றால் ஆபரேஷன் முதலில் நடக்கட்டும்.

ஆபரேஷன் நடக்கும்போது கழுத்துக் குழாயைக் கிடுக்கி போட்டு மூடிவிடுவார்களாமே? அந்த நேரம் மூளைக்கு ரத்தம் எப்படிப் போகும்?
– வாசகர், சேலம்

நல்ல கேள்வி, இந்த ஆபரேஷனில் டாக்டர்களே அதிகம் கவலைப்படுகிற இடமும் இதுதான். நம் மூளை ஒன்றரைக் கிலோகூட இல்லை, ஆனால் இதயம் வெளியே தள்ளுகிற ரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைத்துக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. குழாயைத் திறந்து, படிவை உரித்து எடுத்து, தைத்து மூடுகிறவரை அரைமணி நேரமோ அதற்கு மேலோ அந்தப் பக்கம் ஓட்டம் நிற்கும்.

அந்த நேரம் கைகொடுப்பது மண்டையின் அடிப்பகுதியில் இருக்கிற ஒரு வளையம். கழுத்தின் முன்பக்கக் குழாய்கள் இரண்டும் பின்பக்கக் குழாய்களும் அங்கே ஒன்றோடொன்று இணைகின்றன. ஒரு வழி மூடினால் மற்ற வழிகளிலிருந்து ரத்தம் திரும்பி வரும். ஆனால் இந்த வளையம் எல்லோருக்கும் முழுமையாக அமைந்திருக்காது, பாதிப் பேருக்கு மேல் எங்கேயாவது ஒரு துண்டு மெலிந்தோ இல்லாமலோ இருக்கும். அதனால் முன்கூட்டியே ரத்தக்குழாய்களைக் காட்டுகிற சி.டி. ஆஞ்சியோ ஸ்கேனில் பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம், ஆபரேஷன் நடக்கும்போதே மூளையைக் கண்காணிக்கிற வழிகள் இருக்கின்றன. எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது மிக எளிமையான வழி. சில இடங்களில் நோயாளிக்கு முழு மயக்கம் கொடுக்காமல் கழுத்தை மட்டும் மரத்துப்போக வைப்பார்கள். அறுக்காத பக்கத்துக் கையில் அமுக்கினால் கீச்சென்று சத்தம் வருகிற ரப்பர் பொம்மையைக் கொடுத்துவிடுவார்கள். கிடுக்கியைப் போட்டதும் மயக்க மருந்து டாக்டர், "ஐயா, அமுக்குங்க... உங்க பேர் சொல்லுங்க... இருபதுல இருந்து கீழே எண்ணுங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இடது கழுத்தில் வேலை நடந்தால் வலது கை, ஏனென்றால் இடது மூளைதான் வலது கையை ஆள்கிறது. பொம்மைச் சத்தம் நின்றாலோ பதில் குழறினாலோ அந்த நொடியே தெரிந்துவிடும், உடனே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயைக் கீழேயும் மேலேயும் செருகி ரத்தத்தை அது வழியாக மூளைக்கு அனுப்பிவிட்டு மீதி வேலையைத் தொடர்வார்கள். முழு மயக்கத்தில் செய்தால் மூளையின் மின்துடிப்பைப் பதிகிற இ.இ.ஜி., மண்டை வழியாக ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் போன்றவை அந்த வேலையைச் செய்யும். சில சர்ஜன்கள் எதற்கும் காத்திருக்காமல் எல்லோருக்கும் அந்தக் குழாயைப் போட்டுவிடுவார்கள்.

முழு மயக்கமா, பாதி மயக்கமா என்று மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 3,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து இதற்கென்றே ஒரு ஆய்வு நடத்தி 2008-இல் முடிவைச் சொன்னார்கள், இரண்டிலும் ஸ்ட்ரோக் ஆபத்தில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. உங்கள் சர்ஜனுக்கு எது கைவந்ததோ அதையே செய்யட்டும்.

இந்த வசதியெல்லாம் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? 1954-இல் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில், திரும்பத் திரும்பக் கைகால் வராமல் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்கு, மூளையின் ரத்தத் தேவையைக் குறைப்பதற்காக உடம்பையே குளிரவைத்துவிட்டு அடைபட்ட பகுதியை வெட்டி இணைத்தார்கள். அவர் பிழைத்தார், அந்தத் தாக்குதல்களும் நின்றன. மருத்துவ உலகம் இந்த ஆபரேஷனைத் தைரியமாகக் கையில் எடுத்தது அதற்குப் பிறகுதான்.

அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆனால் ஒரு மாதம் வரை தினமும் இரண்டு வேளை பி.பி. பார்த்து எழுதி வைக்கச் சொல்கிறார்கள், தலைவலி வந்தால் உடனே வரச் சொல்கிறார்கள். அடைப்பைத்தான் எடுத்துவிட்டார்களே, அப்புறம் ஏன் இவ்வளவு பயம்?
– வாசகர், திருநெல்வேலி

அடைப்பை எடுத்ததாலேயேதான் தம்பி. கடைமடை வாய்க்கால் பல வருடம் காய்ந்து கிடந்து, ஒரே நாளில் மதகை முழுசாகத் திறந்துவிட்டால் கரை தாங்குமா? மிகவும் குறுகின குழாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற மூளையின் சின்ன ரத்தக்குழாய்கள், குறைந்த ரத்தத்தை எப்படியாவது இழுத்துக்கொள்வதற்காக வருடக்கணக்கில் விரிந்தே கிடக்கின்றன. அழுத்தம் கூடினால் சுருங்கிக்கொள்ள வேண்டும் என்ற பழக்கமே அவற்றுக்கு விட்டுப்போயிருக்கும். திடீரென்று முழு அழுத்தத்தில் ரத்தம் வந்து இறங்கும்போது மூளை வீங்கலாம், வலிப்பு வரலாம், மிக மோசமான நிலையில் உள்ளே ரத்தம் கசியலாம்.

இது 100 பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிற சிக்கல்தான். ஆனால் வந்து, ரத்தக்கசிவு வரைக்கும் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. பெரும்பாலும் முதல் வாரத்தில் வரும், நான்கு வாரம் வரைகூட வரலாம், அதாவது நோயாளி வீட்டில் இருக்கும்போது, எல்லாம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது. அடைப்பு மிக அதிகமாக இருந்தவர்கள், மற்றப் பக்கக் குழாயும் அடைபட்டவர்கள், பி.பி. கட்டுக்குள் இல்லாதவர்கள், இவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஆபரேஷன் செய்த பக்கத்தில் வருகிற தலைவலியை. நெற்றியிலோ கண்ணுக்குப் பின்னாலோ விண்விண்ணென்று தெறிக்கிற மாதிரி இருக்கும், படுத்தால் கூடலாம். அதோடு பி.பி. ஏறியிருந்தால், குழப்பமாகப் பேசினால், கை வெட்டி வெட்டி இழுத்தால், மாத்திரை கொடுத்துத் தூங்க வைக்காதீர்கள், உடனே ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தலைவலியோடு நிற்கும்போதே பிடித்துவிட்டால், ஊசி மருந்தில் பி.பி.-யை இறக்கியே பெரும்பாலானவர்களைக் காப்பாற்றிவிடலாம். அப்பாவுக்கு பி.பி. எந்த எண்ணைத் தாண்டக் கூடாது என்று டாக்டரிடமே கேட்டு அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பி.பி. மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது.

ஆபரேஷனுக்குப் பிறகு என் அக்காவின் குரல் கம்மிவிட்டது. நாக்கை நீட்டினால் ஒரு பக்கம் கோணுகிறது. இது ஸ்ட்ரோக்கா?
– வாசகி, ஈரோடு

பெரும்பாலும் இல்லை. குரல்வளைக்கும் நாக்குக்கும் போகிற நரம்புகள் அந்த ரத்தக்குழாயை ஒட்டியே ஓடுகின்றன, வேலை செய்ய இடம் வேண்டும் என்று அவற்றை ஒதுக்கிப் பிடிக்கும்போது அடிபட்டுவிடும். நாக்கு ஆபரேஷன் செய்த பக்கமாகவே கோணினால் அது கழுத்தில் நரம்பு பட்ட அடி. மூளையில் கோளாறு என்றால் பொதுவாக எதிர்ப்பக்கம் கோணும், கையோ காலோ சேர்ந்து பலவீனமாக இருக்கும். எதற்கும் சர்ஜன் ஒரு முறை பார்த்துச் சொல்லிவிடட்டும். ஏறக்குறைய 20-இல் ஒருவருக்கு இப்படி ஏதாவது நரம்பு பாதிப்பு வருகிறது, பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். அதுவரை தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். ஏறினால் பேச்சுப் பயிற்சியாளரிடம் விழுங்குகிற முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும். காது மடல் மரத்துப் போயிருந்தால் அதுவும் இதே கதைதான்.

என் மாமியாருக்கு 76 வயது, சர்க்கரை உண்டு. கழுத்து ஆபரேஷன் செய்தால் ரத்த ஓட்டம் கூடி ஞாபக மறதி சரியாகிவிடும் என்று நம்பினோம். செய்த பிறகு முன்னைவிடக் குழப்பமாக இருக்கிறார். மூளை கெட்டுவிட்டதா?
– வாசகி, மதுரை

உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஞாபகம் திரும்பும் என்று யாராவது உங்களிடம் உறுதி சொல்லியிருந்தால், அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஞாபகம், கவனம், கணக்கு எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் நிறைய இருக்கின்றன, அவை ஒரே பதிலைச் சொல்லவில்லை. சிலருக்குக் கொஞ்சம் தேறுகிறது, சிலருக்குக் கொஞ்சம் குறைகிறது, நிறையப் பேருக்கு முன்பிருந்த மாதிரியே இருக்கிறது. மூளைக்கு நிஜமாகவே ரத்தம் பற்றாமல் இருந்தவர்களுக்குத் தேறுகிற வாய்ப்பு இருக்கலாம். ஆனால் அப்படிப்பட்டவர்கள் குறைவு. வயதானவர்களின் மறதிக்கு அல்சைமரோ, பல வருட பி.பி., சர்க்கரையால் மூளையின் மிக நுண்ணிய குழாய்கள் கெட்டதோ காரணமாக இருக்கும்போது கழுத்தில் இருக்கிற குழாயைச் சுத்தம் செய்து அதை மாற்ற முடியாது.

இப்போதைய குழப்பத்துக்கு வருவோம். ஆபரேஷனுக்கு அடுத்த சில நாட்கள், சில வாரங்கள் இப்படி மந்தமாக இருப்பது தெரிந்த விஷயம்தான். கிடுக்கி போட்ட நேரத்தில் கொஞ்சம் ரத்தக் குறைவு, படிவை உரிக்கும்போது கிளம்புகிற தூசி போன்ற துணுக்குகள், மயக்க மருந்து, எல்லாமே இதில் பங்கு வகிக்கலாம். 75 வயது தாண்டியவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது என்று ஆய்வுகளிலும் பார்த்திருக்கிறார்கள், உங்கள் மாமியாரிடம் இரண்டுமே இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு மாத அளவில் படிப்படியாகத் தெளிந்துவிடும்.

ஆனால் இதையெல்லாம் படித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். குழப்பத்துக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சோடியம் குறைந்திருக்கலாம், சிறுநீர்த் தொற்று இருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், புதிதாக ஒரு சின்ன ஸ்ட்ரோக் வந்திருக்கலாம், மேலே திருநெல்வேலி வாசகருக்கு எழுதினேனே, அந்தச் சிக்கலும் இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு மூளை ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். வீட்டில் அவரை எப்போதும் இருந்த இடத்திலேயே வையுங்கள், கண்ணாடி, காது மிஷின் இருந்தால் போட்டுவிடுங்கள், பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், இரவில் தூங்கட்டும். வருகிறவர்கள் எல்லோரும் "நான் யார் சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள், அந்த வயதில் அது எவ்வளவு வேதனை!

கழுத்தை அறுக்காமல் தொடை வழியாக ஸ்டென்ட் வைத்துவிடலாமே? இதயத்துக்கு வைக்கிறார்களே.
– வாசகர், கோவை

வைக்கிறார்கள், சிலருக்கு அதுதான் சரியான வழியும்கூட. ஆனால் இதயத்தில் பார்த்ததை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்க முடியாது, ஏனென்றால் இங்கே ஸ்டென்ட்டைக் கொண்டுபோகிற கம்பி உரசிக்கொண்டு போகிற பாதைக்கு மேலே இருப்பது மூளை. 2010-இல் வெளிவந்த ஒரு ஐரோப்பிய ஆய்வில் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். ஸ்டென்ட் வைத்தவர்களில் பாதிப் பேருக்கு மூளையில் புதிய சின்னப் புள்ளிகள் தெரிந்தன, ஆபரேஷன் செய்தவர்களில் அது 17 சதவீதம். பெரும்பாலானவர்களுக்கு அதனால் வெளியே எந்த அறிகுறியும் இல்லை. அதே வருடம் வந்த அமெரிக்க ஆய்வில், சிகிச்சையை ஒட்டி வருகிற ஸ்ட்ரோக் ஸ்டென்ட்டில் 4.1 சதவீதம், ஆபரேஷனில் 2.3 சதவீதம். மாரடைப்பு அப்படியே தலைகீழ், ஆபரேஷனில் 2.3, ஸ்டென்ட்டில் 1.1.

பொதுவாக 70 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபரேஷன் பாதுகாப்பு, அவர்களுடைய ரத்தக்குழாய் வளைந்து நெளிந்து சுண்ணாம்பு ஏறியிருக்கும், கம்பி நுழைவதே ஆபத்து. இதயம் ரொம்பப் பலவீனமானவர்கள், கழுத்தில் ரேடியேஷன் வாங்கியவர்கள், ஏற்கனவே அந்த இடத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், இவர்களுக்கு ஸ்டென்ட். எதைச் செய்தாலும் ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் தொடரும், பீடி சிகரெட் அன்றோடு நிற்க வேண்டும்.

இரண்டு வருடமாக என் தம்பிக்கு இடது கை, கால் வராது. இப்போது ஸ்கேன் எடுத்ததில் வலது கழுத்துக் குழாய் நூறு சதவீதம் அடைபட்டிருக்கிறதாம். அதைத் திறந்தால் கை வருமா?
– வாசகர், விழுப்புரம்

வராது ஐயா. இதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் இல்லாத நம்பிக்கையில் நிலத்தை விற்று வந்து நிற்கிற குடும்பங்களைப் பார்க்கிறோம். செத்துப்போன மூளைப் பகுதி ரத்தம் வந்தாலும் உயிர் பெறாது. முழுசாக அடைபட்டு நாளான குழாயிலிருந்து பொதுவாகப் புதுத் துணுக்கும் கிளம்பாது, திறக்கப் போனால்தான் ஆபத்து. அதனால் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். அந்தப் பணத்தை நல்ல பிசியோதெரபிக்கும், மற்றப் பக்கக் குழாயைக் காப்பாற்றுவதற்கான மாத்திரைக்கும் செலவழியுங்கள்.

மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் வலது பக்கம் 60 சதவீத அடைப்பு என்று வந்திருக்கிறது. எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் ஸ்ட்ரோக் வரும் என்று பயமுறுத்துகிறார்கள்.
– வாசகர், சென்னை

பயப்படாதீர்கள். கும்பகோணம் அம்மாவின் கணவருக்கும் உங்களுக்கும் நிறைய வித்தியாசம். அவருடைய படிவு ஏற்கனவே வெடித்துத் துணுக்கை அனுப்பிவிட்டது, உங்களுடையது அமைதியாக இருக்கிறது. அறிகுறியே இல்லாதவர்களுக்கு நல்ல மருந்து சிகிச்சையில் ஸ்ட்ரோக் வருகிற வாய்ப்பு இப்போதெல்லாம் வருடத்துக்கு 100-இல் ஒன்று, ஒன்றரை என்கிற அளவுதான்.

2025 இறுதியில் வந்த ஒரு பெரிய ஆய்வு, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்தும் அறிகுறி இல்லாதவர்களைப் பார்த்தது. நான்கு வருட முடிவில், தீவிரமான மருந்து சிகிச்சையோடு ஸ்டென்ட்டும் வைத்தவர்களுக்கு மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட ஸ்ட்ரோக் குறைந்தது, 6 சதவீதம் 2.8 ஆனது. ஆபரேஷன் செய்த பிரிவில் 5.3 சதவீதம் 3.7 ஆனது, ஆனால் அந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லுமளவுக்கு இல்லை. அதுவும் கைதேர்ந்தவர்களாகத் தேர்ந்தெடுத்த டாக்டர்கள் செய்து வந்த கணக்கு. உங்களுக்கு 60 சதவீதம், அந்த ஆய்வுக்குள்ளேயே நீங்கள் வரமாட்டீர்கள்.

ஆகவே அவசரம் எதுவும் இல்லை. முதலில் அந்த 60 சரிதானா என்று வேறு இடத்தில் ஒரு டாப்ளர் எடுத்துப் பாருங்கள், ஸ்கேன் எடுக்கிற ஆளுக்கு ஆள் அளவு மாறும். கெட்ட கொழுப்பு, பி.பி., சர்க்கரை மூன்றையும் இறுக்கிப் பிடியுங்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி ஸ்கேன். உங்களை அவசரப்படுத்துகிற டாக்டரிடம் கூச்சப்படாமல், "உங்கள் கையில் இந்த ஆபரேஷன் செய்தவர்களில் எத்தனை பேருக்கு ஸ்ட்ரோக்கோ மரணமோ வந்தது?" என்று கேளுங்கள். அறிகுறி இல்லாதவருக்குச் செய்வதாக இருந்தால் அது 100-இல் 3-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவாக எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவு. எண் தெரியாது என்று சொன்னால் வேறு ஒருவரின் கருத்தையும் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, நம் இந்தியர்களுக்குக் கழுத்தைவிட மூளைக்குள்ளேயே குழாய்கள் குறுகுவது வெள்ளைக்காரர்களைவிட அதிகம். அங்கே கத்தி போகாது, மருந்துதான். கழுத்தைச் சரிசெய்துவிட்டதால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

உங்களுக்கு வலது பக்கக் குழாய் என்பதால் வீட்டில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்: இடது கை அல்லது கால் துவண்டாலோ, முகத்தின் இடது பக்கம் தொங்கிப்போனாலோ, வலது கண்ணில் மட்டும் திரை இறங்கினது போல் பார்வை மறைந்தாலோ, ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் சரி, அன்றே 108-ஐக் கூப்பிட்டு ஸ்ட்ரோக் சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அப்போது உங்கள் 60 சதவீதத்துக்கும் கணக்கு வேறு.